அல்காட்ராஸ் சிறையை ஏன் மூடினார்கள்? கதையும் கணக்கும்

2025 மே 4 அன்று அமெரிக்க அதிபர் டொனால்ட் ட்ரம்ப் தன் சமூக ஊடகப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் அல்காட்ராஸ் தீவுச் சிறையைப் பெரிதாக்கிக் கட்டி, மறுபடியும் திறக்க அதிகாரிகளுக்கு உத்தரவிட்டிருப்பதாக அதில் எழுதியிருந்தார். அதே ஆண்டு ஜூலையில் அவருடைய அமைச்சர்கள் இருவர் தீவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து அல்காட்ராஸ் பற்றிய பழைய கதைகள் எல்லாம் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டன. யாருமே தப்ப முடியாத சிறை, சுறாக்கள் சூழ்ந்த தீவு, பேய்கள் உலவும் கொட்டடிகள் என்று ஏதேதோ சொல்கிறார்கள். இவற்றில் எது உண்மை? அவ்வளவு பலமான சிறை என்றால் 1963-இல் அரசாங்கமே ஏன் அதை இழுத்து மூடியது? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால், இப்போதைய அறிவிப்பை எடைபோடுவது சுலபம். அதற்குத் தீவின் புவியியலில் இருந்து தொடங்க வேண்டும்.

தீவு என்றால் எப்படிப்பட்ட தீவு?

மொத்தமே 22 ஏக்கர். நகரத்தின் கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர். காற்று வாகாக அடித்தால் நகரத்துக் கொண்டாட்டச் சத்தம் கைதிகளின் காதில் விழும், அவ்வளவு பக்கம். 1775-இல் இந்த விரிகுடாவை வரைபடமாக்கிய ஸ்பானிய மாலுமி ஹுவான் மானுவல் தே அயாலா வைத்த பெயர்தான் அல்காட்ராஸாக மருவியது. கூழைக்கடா போன்ற கடற்பறவைகளைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் அது.

தீவு முழுக்கப் பாறை. செடி வைக்கக்கூட வெளியிலிருந்து மண் கொண்டுவர வேண்டியிருந்தது. அதைவிட முக்கியம், அங்கே நல்ல தண்ணீர் கிடையாது. ஊற்றும் இல்லை, கிணறும் இல்லை. குடிக்க, சமைக்க, துவைக்க ஒவ்வொரு சொட்டும் படகில்தான் வந்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை இது வரும்.

முதலில் கோட்டை, அப்புறம் ராணுவச் சிறை

பலர் நினைப்பது போல அல்காட்ராஸின் சிறை வரலாறு சிகாகோ கும்பல் தலைவர் அல் கபோனோடு தொடங்கவில்லை. 1850-இல் அதிபர் மில்லர்ட் ஃபில்மோர் தீவை ராணுவத்துக்கு ஒதுக்கினார். கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்து, கப்பல்கள் குவிந்துகொண்டிருந்த நேரம். துறைமுக வாசலைக் காக்கப் பீரங்கிக் கோட்டை தேவைப்பட்டது. 1854-இல் அங்கே ஏற்றிய விளக்குதான் அமெரிக்காவின் பசிபிக் கரையில் எரிந்த முதல் கலங்கரை விளக்கம்.

கோட்டைக்குப் போர் வரவில்லை, கைதிகள் வந்தார்கள். உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இலிருந்து அது அதிகாரபூர்வமான ராணுவச் சிறை. ஓடிப்போன சிப்பாய்கள், தென்மாநிலங்களை ஆதரித்தவர்கள், பிறகு பூர்வகுடிகள் எனப் பலரையும் அங்கே அடைத்தார்கள். 1895 ஜனவரியில் ஹோப்பி இனத்தைச் சேர்ந்த 19 ஆண்கள் அரிசோனாவிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய முக்கியமான குற்றம், பிள்ளைகளை அரசாங்க விடுதிப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தது. அந்தப் பள்ளிகளில் பிள்ளைகளின் மொழியையும் முடியையும் பெயரையும் பறித்தார்கள். தன் பிள்ளையைத் தன் மொழியில் வளர்க்க நினைத்த தகப்பன்களைப் பல மாதம் ஒரு பாறையில் பூட்டிவைத்த இடம் இது. அல்காட்ராஸ் கொடுமை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கபோன் அல்ல, இந்த 19 பேர்தான்.

இன்று சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் பெரிய கான்கிரீட் கட்டடம் 1909-இல் தொடங்கி 1912-இல் முடிந்தது. அதைக் கட்டியவர்கள் ராணுவக் கைதிகளே.

1934: சிறைக்குள் ஒரு சிறை

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்கா இரண்டு சிக்கல்களில் இருந்தது. ஒன்று பொருளாதாரப் பெருமந்தம். இன்னொன்று, மதுவிலக்குக் காலத்தில் கொழுத்து வளர்ந்த கும்பல்கள். பிடிபட்ட தலைவர்கள் சிறைக்குள் இருந்தபடியே ஆட்களை விலைக்கு வாங்கினார்கள், தப்பினார்கள், கலவரம் செய்தார்கள். மற்றச் சிறைகளால் சமாளிக்க முடியாதவர்களை மட்டும் போட ஓர் இடம் வேண்டும் என்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் முடிவு செய்து, ராணுவத்திடமிருந்து தீவை வாங்கிக்கொண்டது. 1934 ஆகஸ்டில் மத்திய அரசுச் சிறை திறந்தது. முதல் வார்டன், அதாவது சிறைத் தலைவர், ஜேம்ஸ் ஜான்ஸ்டன்.

எந்த நீதிமன்றமும் யாருக்கும் நேராக 'அல்காட்ராஸில் அடை' என்று தண்டனை கொடுக்கவில்லை. வேறொரு மத்தியச் சிறையில் அடங்காமல் போனவர்களைத்தான் அங்கே மாற்றினார்கள். சராசரியாக 5 ஆண்டு ஒழுங்காக இருந்தால் மறுபடி வேறு சிறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். கொடிய கொலைகாரர்கள் மட்டுமே நிறைந்த இடம் என்ற எண்ணம் அதனால்தான் தவறு. சாதாரண வங்கிக் கொள்ளையில் உள்ளே போய், பழைய சிறையில் தப்பப் பார்த்ததற்காக இங்கே வந்தவர்கள் நிறைய.

29 ஆண்டுகளில் அங்கே இருந்தவர்கள் சுமார் 1,500 பேர். ஒரு சமயத்தில் சராசரியாக 260 முதல் 275 கைதிகள். மொத்த மத்தியக் கைதிகளில் 1 சதவீதம்கூட இல்லை. ஒருமுறைகூட இடம் நிரம்பவில்லை.

உள்ளே எப்படி இருந்தது?

ஒருவருக்கு ஒரு கொட்டடி. அகலம் 5 அடி, நீளம் 9 அடி. இரண்டு கையையும் விரித்தால் இரு பக்கச் சுவரும் தட்டும். ஒரு கட்டில், மடக்குப் பலகை, கழிப்பிடம், குளிர்ந்த தண்ணீர் மட்டும் வரும் சின்னத் தொட்டி. கொட்டடி வரிசைகளுக்கு நடுவே போகும் அகலமான நடைபாதைக்கு, நியூயார்க் தெருவின் நினைவாக 'பிராட்வே' என்று பெயர்.

கைதிகளுக்குக் கொடுக்கப்பட்ட விதிப் புத்தகத்தின் 5-ஆம் விதி சிறையின் குணத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடும்: உணவு, உடை, தங்குமிடம், மருத்துவம் ஆகிய நான்கும் உரிமை, மற்றதெல்லாம் சலுகை. வேலை செய்வது, கடிதம் எழுதுவது, புத்தகம் படிப்பது, மாதம் ஒருமுறை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மனைவியைப் பார்ப்பது, எல்லாவற்றையும் நடத்தையால் சம்பாதிக்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் பேச்சுக்கும் கட்டுப்பாடு இருந்தது. கைதிகளை அதிகம் வதைத்தது அடி உதையைவிட அந்த மௌனம்தான். எதிர்ப்பு வலுத்து, அந்த விதியை 1930-களிலேயே கைவிட்டார்கள்.

அடங்காதவர்களுக்கு 'டி' பிரிவு. அதிலும் சில கொட்டடிகள் வெளிச்சமே புகாதவை. கைதிகள் அவற்றைப் 'பொந்து' என்றார்கள். இந்தப் பக்கம் உண்மையிலேயே கொடூரமானது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருந்தது. சாப்பாடு மத்தியச் சிறைகளிலேயே நன்றாக இருந்த இடம் இது. சிறைக் கலவரங்கள் பெரும்பாலும் தட்டில்தான் தொடங்கும் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். தனிக் கொட்டடி கிடைக்கும் என்பதற்காக, வேறு சிறையில் சக கைதிகளுக்குப் பயந்தவர்கள் தாங்களாகவே இங்கே மாற்றம் கேட்டதும் உண்டு. காவலர்களின் குடும்பங்களும் தீவிலேயே குடியிருந்தன. அவர்களின் பிள்ளைகள் தினமும் படகேறி நகரத்துப் பள்ளிக்குப் போய் வந்தார்கள்.

கதைகள் எங்கிருந்து வந்தன?

ஜான்ஸ்டன் பத்திரிகைக்காரர்களை ஏறக்குறைய முற்றிலுமாக வெளியே வைத்தார். கைதிகளின் கடிதங்கள் தணிக்கை செய்யப்பட்டன. நகரத்து மக்களோ தினமும் கண்ணெதிரே அந்தத் தீவைப் பார்க்கிறார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் தெரியாது. அந்த வெற்றிடத்தில்தான் கதைகள் முளைத்தன. மிரட்டும் பெயர் அரசாங்கத்துக்கும் வேண்டியிருந்ததால், யாரும் மறுக்க மெனக்கெடவில்லை. அப்படி வளர்ந்தவற்றில் சில:

1. சுறாக்கள். விரிகுடாவில் சுறா உண்டு, ஆனால் அங்கே சாதாரணமாக இருப்பவை மனிதரைத் தின்னாத சிறுவகைகள். உண்மையான எதிரி குளிர். தண்ணீரின் வெப்பம் பொதுவாக 10 முதல் 15 டிகிரி செல்சியஸ். பழக்கமில்லாத உடம்பு கொஞ்ச நேரத்திலேயே விறைத்துவிடும். கூடவே நீரோட்டம். நம் கடற்கரையில் 'நீவாடு' என்பார்களே, அதுதான். கோல்டன் கேட் என்ற ஒற்றைக் குறுகிய வாசல் வழியாக விரிகுடாவின் நீர் முழுக்க ஏறுவதும் வடிவதும் நடக்கிறது. வடியும் நேரத்தில் மாட்டினால் ஆழ்கடலுக்கு இழுத்துப் போய்விடும். பழகியவர்களால் நீந்த முடியும்; இன்று டிரையத்லான் வீரர்கள் ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தீவுப் பக்கமிருந்து கரைக்கு நீந்துகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும், குளிர் தாங்கும் உடையும், ஓத அட்டவணையும் உண்டு. கைதிக்கு எதுவும் கிடையாது.

2. அல் கபோன் அங்கேயும் ராஜா. வரி ஏய்ப்புக்காகத் தண்டனை பெற்ற கபோன், அட்லாண்டா சிறையில் சலுகைகளோடு இருந்தார். 1934 ஆகஸ்டில் இங்கே வந்ததும் அவர் 85-ஆம் எண் கைதி, அவ்வளவுதான். சிறை இசைக்குழுவில் பான்ஜோ வாசித்தார். சிபிலிஸ் மூளையைத் தாக்கி, நினைவு தடுமாறி, 1939-இல் வேறு சிறைக்குப் போனார்.

3. பறவை மனிதர். ராபர்ட் ஸ்ட்ரவுட் பறவைகளை வளர்த்ததும், அவற்றின் நோய்களைப் பற்றி எழுதியதும் கான்சாஸின் லெவன்வொர்த் சிறையில். 1942-இல் அல்காட்ராஸ் வந்த பிறகு 17 ஆண்டு அங்கே இருந்தார். ஒரு பறவைகூட வளர்க்க விடவில்லை. அவரைப் பற்றி வந்த ஹாலிவுட் படத்தைப் பார்த்தவர்கள் மனதில் அவர் மென்மையான ஆள். உண்மையில் இரண்டு பேரைக் கொன்றவர். அதில் ஒருவர் சிறைக் காவலர்.

4. தூக்குமேடையும் பேய்களும். மத்தியச் சிறையாக இருந்த காலத்தில் அங்கே ஒரு மரண தண்டனைகூட நிறைவேறவில்லை. கைதிகளின் கையால் கொல்லப்பட்டவர்கள் 8 பேர், தற்கொலை செய்துகொண்டவர்கள் 5 பேர். பேய்க் கதைகளில் வரும் முனகலுக்குக் காற்றும், உடைந்த ஜன்னல்களும், மூடுபனி ஊதுகுழலும் போதும். ஆனால் 'பொந்து' கொட்டடிக்குள் நின்று அங்கே ஒரு துக்கம் இருக்கிறது என்று சொல்பவர்களை நான் தப்புச் சொல்ல மாட்டேன். அது பேயால் வருவது இல்லை.

தப்பித்தவர் உண்டா?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 29 ஆண்டில் 14 முயற்சி, 36 பேர். பிடிபட்டவர்கள் 23, சுடப்பட்டு இறந்தவர்கள் 6, மூழ்கி இறந்தவர்கள் 2, 'காணவில்லை, மூழ்கியிருக்கலாம்' என்று பதிவானவர்கள் 5.

இவற்றில் மிக ரத்தம் சிந்தியது 1946 மே 2 முதல் 4 வரை நடந்த மோதல். கைதிகள் காவலர்களின் துப்பாக்கியைக் கைப்பற்றிவிட்டார்கள், ஆனால் வெளி முற்றத்துக் கதவின் சாவி மட்டும் அகப்படவில்லை. மரைன் படை வீரர்கள் கூரையில் துளையிட்டுக் கையெறி குண்டுகளை இறக்கினார்கள். 2 காவலர்களும் 3 கைதிகளும் செத்தார்கள். இன்னும் 2 கைதிகள் பின்னர் வேறு சிறையில் மரண தண்டனை பெற்றார்கள்.

1962 ஜூன் 11 இரவு நடந்தது வேறு வகை. ஃபிராங்க் மாரிஸ், அண்ணன் தம்பிகளான ஜான் ஆங்லின், கிளாரன்ஸ் ஆங்லின், நான்காவதாக ஆலன் வெஸ்ட். கொட்டடியின் பின்சுவரில், தொட்டிக்குக் கீழே, ஒரு காற்றுத் துவாரம் உண்டு. உப்புக் காற்றிலும் ஈரத்திலும் பல ஆண்டு ஊறிய கான்கிரீட் அது. கூர்தீட்டிய கரண்டிகளாலும், பழைய வாக்குவம் கிளீனர் மோட்டாரில் செய்த துளைக்கருவியாலும் மாதக்கணக்கில் சுரண்டினார்கள். கைதிகள் இசைக்கருவி வாசிக்கும் நேரத்தில் அந்தச் சத்தத்துக்குள் இந்தச் சத்தத்தை ஒளித்தார்கள்.

ராத்திரி கணக்கெடுக்க வரும் காவலரை ஏமாற்ற, கட்டிலில் தலை வேண்டுமே? சோப்பு, பற்பசை, கழிப்பறைக் காகிதம், கான்கிரீட் தூள் எல்லாவற்றையும் பிசைந்து தலைகள் செய்தார்கள். தோல் நிறத்தில் பெயின்ட் பூசினார்கள். சிறை முடிதிருத்தும் இடத்திலிருந்து எடுத்துவந்த நிஜ முடியைப் புருவத்திலும் தலையிலும் ஒட்டினார்கள். அந்தத் தலைகளின் புகைப்படத்தை இன்றைக்கும் பார்க்கலாம். பகலில் பார்த்தால் விகாரமாகத்தான் இருக்கும், ஆனால் மங்கலான விளக்கில், போர்வைக்கு மேலே, சுவர்ப் பக்கம் லேசாகத் திரும்பிய ஒரு தலை போதுமானதாக இருந்தது.

50-க்கும் மேற்பட்ட சிறை மழைக்கோட்டுகளைத் தைத்தும் ஒட்டியும் ஒரு மிதவையும் உயிர்காப்பு உடைகளும் செய்திருந்தார்கள். மிதவைக்குக் காற்றடிக்க, கான்சர்டினா என்ற சின்ன துருத்திப் பெட்டியைத் திருத்தி வைத்துக்கொண்டார்கள். மூன்று பேர் கூரை ஏறிக் குழாய் வழியாக இறங்கிக் கடலுக்குப் போனார்கள். வெஸ்டுக்குத் துவாரம் சமயத்துக்குப் பெரிதாகவில்லை, பின்தங்கிவிட்டார். விசாரணையில் திட்டம் முழுக்கச் சொன்னவர் அவரே.

ஒரு துடுப்பு, நீர் புகாமல் சுற்றிய ஒரு பொட்டலம், உயிர்காப்பு உடைகளின் மிச்சம் ஆகியவை கிடைத்தன. உடல் எதுவும் அடையாளம் காணப்படவில்லை. 17 ஆண்டு தேடிய எஃப்பிஐ 1979 டிசம்பர் 31-இல் கோப்பை மூடி, அமெரிக்க மார்ஷல் துறையிடம் ஒப்படைத்தது. அங்கே வழக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. 2014-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அன்றைய இரவின் ஓதத்தைக் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். சீக்கிரம் கிளம்பியிருந்தால் ஆழ்கடலுக்கு இழுத்திருக்கும், ரொம்பத் தாமதித்தால் விரிகுடாவின் உள்ளே தள்ளிப் பிடிபட்டிருப்பார்கள், நள்ளிரவை ஒட்டி என்றால் வடகரையைத் தொட வாய்ப்பு இருந்தது என்பது அவர்கள் முடிவு.

ஆறே மாதத்தில் இன்னொன்று நடந்தது. இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1962 டிசம்பர் 16-இல் ஜான் பால் ஸ்காட் என்ற கைதி, காற்று ஊதிய ரப்பர் கையுறைகளை மிதவையாகக் கட்டிக்கொண்டு, கோல்டன் கேட் பாலத்தடி வரை நீந்திவிட்டார். குளிரில் விறைத்துக் கிடந்தவரைச் சிறுவர்கள் பார்த்துச் சொல்ல, பிடிபட்டார். சரி, தப்பவில்லைதான். ஆனால் கரையை உயிரோடு அடைய முடியும் என்பது அன்றோடு நிரூபணமாகிவிட்டது.

சிறையை மூடியது எது?

இந்தத் தப்பித்தல்களால்தான் சிறை மூடப்பட்டது என்பது இன்னொரு கட்டுக்கதை. 1962-க்கு முன்பே மூடும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. காரணம் கணக்குப் புத்தகத்தில் இருந்தது.

1. வாரத்துக்கு ஏறக்குறைய 10 லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீர் படகில் வந்தது. எரிபொருளும், அரிசி பருப்பு போல எல்லாச் சாமானும் அப்படியே.

2. அதனால் 1959-இல் ஒரு கைதிக்கு ஒரு நாள் செலவு 10.10 டாலர். அதே ஆண்டு அட்லாண்டா சிறையில் 3 டாலர்.

3. நன்னீரை மிச்சம்பிடிக்கக் கழிப்பறைக் குழாய்களில் கடல்நீரை விட்டார்கள். அது குழாயையும் சுவரையும் உள்ளிருந்து தின்றது. வெளியிலிருந்து உப்புக்காற்று, கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பியைத் துருப்பிடிக்க வைத்துச் சுவரை வெடிக்கச் செய்தது.

4. பழுதுபார்க்க மட்டும் 30 முதல் 50 லட்சம் டாலர் தேவை என்று மதிப்பிட்டார்கள். அந்தப் பணத்தில் கரையில் புதுச் சிறை கட்டுவது மேல்.

ஆக, கைதியை உள்ளே வைத்திருந்த அதே கடல்தான் கட்டடத்தை அரித்தது, செலவை ஏற்றியது, கடைசியில் கைதிகள் சுரண்டுவதற்குச் சுவரை மென்மையாக்கியும் கொடுத்தது. நீதி அமைச்சர் பொறுப்பில் இருந்த அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியின் உத்தரவில் 1963 மார்ச் 21-இல் கடைசிக் கைதிகள் சங்கிலியோடு படகேறினார்கள். அதே ஆண்டு இல்லினாய்ஸ் மாநிலத்தில் மேரியன் சிறை திறந்தது. 1994-இலிருந்து அந்த இடத்தில் இருப்பது கொலராடோவின் ஃபுளோரன்ஸ் சிறை. இரண்டும் நிலத்தில், குழாய்த் தண்ணீரோடு.

மறுபடி திறக்க முடியுமா?

நடுவில் ஒரு பெரிய அத்தியாயம் உண்டு. 1969 நவம்பர் 20-இல் பூர்வகுடி மாணவர்களும் குடும்பங்களும் தீவைக் கைப்பற்றினார்கள். 'அனைத்து இனங்களின் இந்தியர்கள்' என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள் (இங்கே இந்தியர்கள் என்றால் அமெரிக்கப் பூர்வகுடிகள்). நல்ல தண்ணீர் இல்லை, பள்ளியோ மருத்துவமனையோ இல்லை. ஆகவே இது அரசாங்கம் எங்களுக்கு ஒதுக்கிய நிலங்களைப் போலவேதான் இருக்கிறது என்று அவர்களின் அறிக்கை சொன்னது. அரசாங்கம் தண்ணீர்ப் படகை நிறுத்தி, மின்சாரத்தை வெட்டியும் 1971 ஜூன் 11 வரை, 19 மாதம் தாக்குப்பிடித்தார்கள். தீவு கிடைக்கவில்லை. ஆனால் பூர்வகுடி இனங்களின் தனி அந்தஸ்தைக் கலைக்கும் கொள்கையை முடித்துக்கொள்வதாக அதிபர் நிக்சன் 1970 ஜூலையில் அறிவித்ததற்கு இந்தப் போராட்டமும் ஒரு தூண்டுதல்.

1972-இல் தீவு தேசியப் பூங்காத் துறையிடம் போனது, அடுத்த ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்தது. இன்று ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். 1986-இலிருந்து அது தேசிய வரலாற்றுச் சின்னம். கடற்பறவைகள் கூடு கட்டும் இடமும்கூட.

திறப்பதா என்பது அரசியல் முடிவு. அதைத் தாண்டி நிற்கும் இடையூறுகள் மூன்று. முதலாவது சட்டம்: அது நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான பூங்காவின் பகுதி. இரண்டாவது அளவு: 300 பேர் அளவுக்குக் கட்டிய இடம், இன்றைய சிறைத் தரத்துக்கு இடித்துத்தான் கட்ட வேண்டும், அப்படி இடித்தால் வரலாற்றுச் சின்னம் போய்விடும். மூன்றாவது பழையதுதான்: தீவில் இன்றைக்கும் கிணறு கிடையாது. சுற்றுலாப் பயணிகளுக்கான தண்ணீரே படகில்தான் வருகிறது.

தீவின் பழைய தண்ணீர்த் தொட்டி இன்றும் நிற்கிறது. துருப்பிடித்துச் சரிய இருந்ததைப் பூங்காத் துறை 2012 வாக்கில் செப்பனிட்டது. 1969-இல் போராட்டக்காரர்கள் சிவப்பு பெயின்டில் அதன்மேல் எழுதிய வாசகத்தையும் அப்படியே மறுபடி எழுத ஏற்பாடு செய்தது. படகு துறையை நெருங்கும்போதே அது கண்ணில் படும்: அமைதியும் சுதந்திரமும், வருக, சுதந்திர இந்தியர்களின் நிலம்.